உச்சி வெயிலில் காயாத சட்டை

தம்பி,

சொல்கிறவன் நான்; எழுதுகிறவள் உன் அக்கா செல்வி. என் பேச்சை அப்படியே எழுதினால் உன் வீட்டில் படித்துவிட்டுச் சிரிப்பார்கள் என்று அவள் கொஞ்சம் நிமிர்த்தி எழுதுகிறாள். எழுதட்டும். கசங்கியதை நிமிர்த்திக் கொடுத்துத்தானே உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தேன். ஆனால் சேதியில் ஒரு மடிப்பு மாறக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறேன். கிழவன் ஏதோ உளறுகிறான் என்று நீ நினைத்துவிடாதே. எனக்கு எழுத்து தெரியாது. அதனால் எதையும் எழுதிவைத்துவிட்டு மறக்கிற வசதியும் எனக்குக் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை தரமணி ஆபீசிலிருந்து போன் செய்தாய். பள்ளிக்கூட லீவில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் அந்தமான் போகிறோம், தென்னந்தோப்பு, கண்ணாடி மாதிரிக் கடல், நீயும் வா நைனா என்றாய். பக்கத்து பிளாட்டில் அவர்கள் பையனுக்குச் சின்னதாகிவிட்ட துணியெல்லாம் கொடுத்திருக்கிறார்கள், புதுசு மாதிரி இருக்கிறது, கடற்கரைக்கு அதையே போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னாய். நான் வரவில்லை என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. “இதோ கீது பெசன்ட் நகர். அங்ககூட நீ வந்ததில்ல. கடல்மேல அப்படி இன்னா நைனா உனக்குக் காண்டு?” என்றாய். அப்புறம் கோபத்தை மாற்றுவதற்குச் சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்டாய். “எனக்குப் பேரு வச்சதே நீதானாம். ஒரு தபாவாவது அந்தப் பேரைச் சொல்லி என்னைக் கூப்ட்டுக்கீறயா? தம்பி, டேய், இந்தாடா, அவ்ளோதான்.”

நீ கேட்டது இரண்டு கேள்வி. பதில் ஒன்றுதான். அதை உன் அம்மா சாகும்வரை நானும் அவளும் மட்டும் வைத்திருந்தோம். இப்போது நான் மட்டும் வைத்திருக்கிறேன். உன் பையனுக்கு இப்போது ஐந்து வயது. அன்றைக்கு உனக்கும் ஐந்து வயது. அதனால் இனிமேல் வைத்திருக்க முடியாது. படித்து முடித்த பிறகு என்னை அப்பன் என்று கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம்.

எழுபத்தி மூன்றாம் வருஷம் என்று செல்வி சொல்கிறாள். நாம் அப்போது அடையாற்றங்கரைக் குடிசையில் இருந்தோம். எனக்கு வெளுக்க நாற்பது வீட்டுத் துணி. மயிலாப்பூரில் பாதி, தி.நகரில் கொஞ்சம், அடையாற்றில் மீதி. அ ஆ தெரியாதவனுக்கு நாற்பது வீட்டுக்கும் நாற்பது குறி தெரியும். சேங்கொட்டைப் பாலைக் குச்சியில் தொட்டு, காலரின் உள்பக்கம் புள்ளியும் கோடுமாக வைப்பேன். அந்தக் கறுப்பு, துணி கிழிந்தாலும் போகாது. மாட வீதிக்குப் பின்னால் குளத்தையொட்டிய சந்தில் ஒரு வீடு. அதற்கு மூன்று புள்ளி. தி.நகரில் ஜவுளிக்கடைக்காரர் வீடு. அதற்கு மூன்று புள்ளிக்குக் கீழே ஒரு கோடு. இந்தக் கோட்டை ஞாபகம் வைத்துக்கொள்.

எங்கள் தொழிலில் வெளியே சொல்லாத ஒரு பழக்கம் உண்டு. ஆனால் ஊருக்கெல்லாம் தெரியும். கல்யாணம், திருவிழா என்றால் மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டிக்கொள்வோம். மறுநாள் துவைத்து, தேய்த்து, வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோம். உன் அம்மா ஒருமுறை டாக்டரம்மாவின் பூப்போட்ட வாயில் புடவையில் தன் தங்கை கல்யாணத்துக்குப் போனாள். பஸ்ஸில் அந்த டாக்டரம்மாவே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். “நல்லா இருக்கே இந்தப் புடவை. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு” என்றாளாம். உன் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, “உங்களுதுதாம்மா எடுப்பா இருக்கும்” என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறோம். அதெல்லாம் தப்பில்லை என்றே நினைத்தோம். ஒன்றே ஒன்றுதான் தப்பு. சாவு வீட்டுத் துணி எங்களுக்கே வந்துவிடும். பெரியவர்கள் துணியை வெள்ளாவியில் வைத்து நாங்கள் கட்டிக்கொள்ளலாம். குழந்தையின் துணியை மட்டும் எந்தக் குழந்தைக்கும் போடக் கூடாது. தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தொழிலோடு சேர்ந்து தெரிந்தது.

அந்த மூன்று புள்ளி வீட்டில் ஒரு பையன் இருந்தான். சீனு என்று பெயர். உன் வயசு. நான் துணி கொடுக்கப் போகும்போதெல்லாம் நீ என் பின்னால் ஓடிவருவாய். அவன் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, துணிக்கார ரவி வந்திருக்கான்!” என்று கத்துவான். அவன் அம்மா வந்து உன் கையில் ஒரு முறுக்கு வைப்பாள். அந்த வருஷம் மாசி மாதம் உறவுக்காரர்களோடு கடற்கரைக்குப் போன இடத்தில் அலை அவனை இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் போன நாளில் அந்த வீட்டுப் பெரியவர், சீனுவின் தாத்தா, கொல்லையில் வைத்து என்னிடம் ஒரு மூட்டை கொடுத்தார். மேலே ஒரு மஞ்சள் சட்டை. “மத்ததெல்லாம் பெரியவா துணி, நீ எடுத்துக்கோ. இது அன்னிக்கு அவன் போட்டுண்டிருந்தது. என் மாட்டுப்பொண் கண்ணுல படாம கொண்டு போயிடு. சமுத்திரத்துல விட்டுடு. யார் கொழந்தைக்கும் போட்டுடாதேப்பா” என்றார். சரிங்க சாமி என்றேன்.

நான் விடவில்லை. ஏன் என்று கேட்டால், துணி அப்படி. வெண்ணெய் மாதிரி வழுக்கும். சட்டைப் பையில் நீல நூலால் ஒரு பாய்மரப் படகு. அவன் அம்மா தன் கையால் போட்டது. நாளெல்லாம் ஊரான் துணியைக் கல்லில் அடிக்கிறவனுக்கு நல்ல துணி என்றால் என்னவென்று கண்ணைவிடக் கைக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரில் விடக் கை வரவில்லை. பெட்டிக்கு அடியில் வைத்தேன். வைத்ததை உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

கத்திரி வெயில் ஆரம்பித்தது. அடையாற்றில் முகத்துவாரத்தின் பக்கம் ஒரு பங்களா வீட்டுக்கும் நான் துணி எடுத்தேன். அவர்கள் கோடைக்கு மலைக்குப் போகிறவர்கள். அந்த வருஷம் காவல்காரன் சொல்லாமல் ஓடிவிட்டான். “பத்து நாள் பின்கட்டு ரூம்ல வந்து இரேன்ப்பா. பெண்டாட்டி பிள்ளைங்களையும் கூட்டிக்கோ” என்றார்கள். தம்பி, நீ இப்போது விமானத்தில் போகிறாய். நமக்கு அதுதான் அந்தமான். சுற்றிலும் தென்னை, தாண்டினால் சவுக்கு, தாண்டினால் மணல், அப்புறம் கடல். உன் அம்மா கேட்டவுடன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “பத்து நாளிக்கு நான் எந்தக் கல்லுலயும் எதையும் அடிக்க மாட்டேன். அடிச்சா உன்னைத்தான் அடிப்பேன்” என்றாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

போகிற நாளில் உனக்குப் போட ஒரு முழுச் சட்டை இல்லை. பங்களாவுக்குப் போகிறோம், பையன் கிழிசலோடு வருவதா என்று எனக்கு ரோஷம். முந்தின நாளே அந்த மஞ்சள் சட்டையை எடுத்து, மூன்று புள்ளிக்குக் கீழே சேங்கொட்டையால் ஒரு கோடு இழுத்தேன். நாற்பது வீட்டுத் துணியில் ஒன்றுகூட மாறாமல் கொடுத்த கை, அன்றைக்கு ஒரு குறியைத் திருத்தியது. உன் அம்மா சட்டையைப் பார்த்ததும், “எந்த வூட்டுது?” என்றாள். “தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் வூட்டுது. பையனுக்கு சின்னதாப் பூடுச்சாம். நம்மளுக்கே குட்த்துட்டாங்கோ” என்றேன். காலரைத் திருப்பிப் பார்த்தாள். கோடு இருந்தது. உனக்குப் போட்டுவிட்டு, கன்னத்தில் மை வைத்து, “தொரை மாதிரி கீறான் பாரு” என்றாள்.

முதல் நாள் நீ கடலைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வியை நானும் செல்வியும் இன்னும் சொல்லிச் சிரிப்போம். “நைனா, இது இன்னாத்துக்குக் கத்திக்கினே கீது? யாரும் அடிக்கலயே?” செல்வி கிளிஞ்சல் பொறுக்கினாள். நான் இளநீர் வெட்டினேன். உன் அம்மா பின்கட்டுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு எங்களை வேலை வாங்கினாள். குடும்பம் என்றால் என்னவென்று எனக்கு அந்த முதல் இரண்டு நாளில்தான் தெரிந்தது. அதுவரை நாம் எல்லோரும் ஒரு மூட்டையின் நான்கு முனையைத் தூக்குகிறவர்களாகத்தான் இருந்தோம்.

இரண்டாம் நாள் மத்தியானம். உச்சி வெயிலில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. காக்காய்கூடக் கத்தாது. தென்னை நிழல் மரத்தின் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். நீ சவுக்குக்குக் கீழே தனியாக விளையாடிக்கொண்டிருந்தாய். திடீரென்று தலையைத் தூக்கி, கடல் பக்கம் பார்த்து, “தோ வந்துண்டே இருக்கேம்மா!” என்றாய். நான் சிரித்துவிட்டேன். நம் வீட்டில் யார் அப்படிப் பேசுவார்கள்? மயிலாப்பூர் வீடுகளுக்கு என்னோடு வந்து பிடித்துக்கொண்ட பேச்சு என்று நினைத்தேன். “ஐயருமாரே, யாருக்கு பதில் சொல்ற?” என்றேன். “அம்மா கூப்ட்டுச்சு” என்றாய். உன் அம்மா உள்ளே குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாளும் அதே நேரம். நான்காம், ஐந்தாம் நாளும். ஒவ்வொரு நாளும் சவுக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மணலுக்குக் கொஞ்சம் கிட்டத்தில்.

சட்டை விஷயத்தை முதலில் கண்டது உன் அம்மாதான். உங்கள் துணியை அவள் காலையில் கிணற்றுத் தண்ணீரில் அலசிக் கொடியில் போடுவாள். அந்த வெயிலில் உன் அரைக்கால் சட்டையும் செல்வியின் பாவாடையும் ஒரு நாழிகைக்குள் அப்பளம் மாதிரி ஆகிவிடும். மஞ்சள் சட்டை மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். “இன்னாய்யா துணி இது? பிழியப் பிழிய வருது” என்றாள். தொட்டுப் பார்த்தேன். தண்ணீரைத் தொட்டே வளர்ந்த கை இது. கிணற்றுத் தண்ணீர் இல்லை. விரலில் பிசுபிசுப்பு. நாக்கில் வைத்தேன், உப்பு. அந்தக் கிணறு தேன் மாதிரிக் கிணறு, தம்பி. மடிப்பில் நெருடியது. பிரித்தேன், மணல். பெட்டியில் வைக்கும்முன் நானும், இங்கே தினமும் அவளும் அலசிய துணி அது. அப்போதே கழற்றித் தூர எறிந்திருக்க வேண்டும். எறிந்தால் ஏன் என்று அவள் கேட்பாள். கேட்டால் என் பொய் வெளியே வரும். அதற்குப் பயந்து, “புது தினுசு நூல். லேட்டாத்தான் காயும்” என்றேன். ஒரு சட்டைக்காக ஒரு பொய், அந்தப் பொய்க்காக இன்னொன்று. ஈரத்தோடேயே அதைப் போட்டுக்கொண்டு நீ ஓடினாய். வேறு எதைக் கொடுத்தாலும் அழுதாய்.

ஆறாம் நாள் காலை உன் அம்மா கொடியிலிருந்து சட்டையை எடுத்து உனக்கு மாட்டும்போது காலரைத் திருப்பிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. உச்சி வேளைக்குள் மீன் குழம்பு கொதித்து இறங்கியது. இலை போட்டுவிட்டு, சாப்பிட வாங்க என்று அவள் கூப்பிட வெளியே வந்தபோது செல்வி மட்டும் நின்றாள்.

“தம்பி எங்கடி?”

“அம்மா கூப்ட்டாங்கன்னு போனான்.”

“நான் இப்பதானே கூப்பிடறேன்?”

அதற்குப் பிறகு நாங்கள் ஓடியது எனக்கு அடியடியாக ஞாபகம் இருக்கிறது. மணல் அடுப்புச் சட்டி மாதிரி. செருப்பில்லை. சவுக்கைத் தாண்டியதும் கடல் கண்ணைப் பிடுங்கியது. அந்த வெள்ளை வெயிலில் மஞ்சளாக ஒன்று. இடுப்பளவு தண்ணீரில் நீ நடந்துபோய்க்கொண்டிருந்தாய். விளையாடுகிற பிள்ளை அலை வந்தால் குதிக்கும், கத்தும், பின்னால் ஓடும். நீ அப்படியில்லை. வீட்டு வாசலுக்குப் போகிற மாதிரிப் போனாய். “ரவி! டேய் ரவி!” என்று கத்தினேன். உன் அம்மா கத்தினாள். செல்வி கத்தினாள். நீ திரும்பவில்லை. காற்று எங்கள் பின்னாலிருந்துதான் அடித்தது, கேட்காமல் இருக்காது. தண்ணீர் உன் மார்புக்கு வந்தது. பெரிய அலை ஒன்று தூரத்தில் முதுகைத் தூக்கியது. எனக்கும் உனக்கும் நடுவில் நூறு அடி. ஓடி முடிப்பதற்குள் அலை முந்திக்கொள்ளும் என்று தெரிந்துவிட்டது.

அப்போது என் வாய் கத்தியது. நான் யோசித்துக் கத்தவில்லை. “சீனு!” என்று கத்தினேன்.

நீ நின்றாய். திரும்பினாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் பக்கமாக ஓடிவர ஆரம்பித்தாய். அலை உன்னைப் பின்னாலிருந்து அடித்து என் காலடியில் கொண்டுவந்து போட்டது.

சட்டையைக் கிழிக்காத குறையாக உன் அம்மா கழற்றினாள். நீ இருமிக்கொண்டே அவள் மடியில் கிடந்தாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “யாரைக் கூப்ட்டே?” என்றாள். காலரைத் திருப்பி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நான் இழுத்த கோடு இல்லை. துணி மண்ணாகிற வரை போகாத சேங்கொட்டைக் கோடு, இருந்த தடம்கூட இல்லை. மூன்று புள்ளி மட்டும் பளிச்சென்று இருந்தது. “காலையிலயே பாத்துட்டேன்யா. நீயா வாயத் தொறந்து சொல்லுவன்னு பாத்தேன். ஒரு வேளைச் சோறு ஆக்கற நேரம் குட்த்தேன் உனக்கு” என்றாள். அதைச் சொல்லித்தான் அவள் அழுதாள். சாகிறவரை அவளுக்கு அந்தக் குற்ற உணர்ச்சி இருந்தது, அந்த ஒரு வேளை நேரத்துக்காக. நான் செய்ததற்கு அவள் அழுதாள்.

மறுநாள் காலை அந்தச் சட்டையைப் பனை ஓலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நான் தனியாக மயிலாப்பூருக்கு நடந்தேன். கடலில் விட எனக்குத் தைரியம் இல்லை. போகும்போதும் அது சொட்டிக்கொண்டே வந்தது. சீனுவின் அம்மா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்து, கண் உள்ளே போய். காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், ஆளைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். முகத்தை எடுக்காமலே, “ரவிக்குச் சரியா இருந்துதா?” என்றாள்.

“அளவெடுத்தாப்பல இருந்துச்சும்மா.”

“கடைசியா எப்போ போட்டுண்டான்?”

“நேத்து உச்சி வேளை வரைக்கும்.”

அவள் தலையை ஆட்டினாள். “தெனமும் சாப்பிடற வேளைக்கு நான் இங்க நின்னுண்டு அவனைக் கூப்பிடுவேன். ஆத்துல எல்லாரும் எனக்குப் புத்தி பேதலிச்சுடுத்துங்கறா. கூப்பிடாம எனக்கு சாதம் எறங்கலை. மூணு மாசமா பதிலே இல்லை. போன வாரம் பதில் வந்துது. தோ வந்துண்டே இருக்கேம்மான்னான். நாலு நாள் வந்துது. நாளுக்கு நாள் கிட்டத்துல வந்துது. நேத்திக்கு வந்து சேர்ந்துடுவான்னு நெனச்சேன். நேத்திக்கு நின்னு போயிடுத்து.” என்னைப் பார்த்தாள். “நீ கூப்பிட்டுட்டே, இல்லையா?”

அவள் எழுந்து சட்டையை உதறிக் கொல்லைக் கொடியில் போட்டாள். தம்பி, நான் அங்கேயே நின்று பார்த்தேன். வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்தில் அந்தச் சட்டை காய்ந்து மொடமொடவென்று காற்றில் அடித்தது. நான் கிளம்பும்போது அவள் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு, “ரவியை இனிமே இந்தப் பக்கம் கூட்டிண்டு வராதேப்பா. நான் கூப்பிட்டுடுவேன்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சிச் சொன்னாள்.

இந்த இடத்தில் செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டாள். சீனுவின் அம்மா தினமும் கூப்பிட்டது அவளுக்கு இன்றுவரை தெரியாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அன்னைக்கி அம்மா கூப்ட்டாங்கன்னு நான் சும்மா சொல்லல நைனா. எனக்கும் கேட்டுச்சு. சாதம் ஆறிப் போறதுடான்னு கேட்டுச்சு. நம்ம அம்மா அப்படிப் பேச மாட்டாங்களேன்னு அப்ப தோணல” என்கிறாள். சாதம் ஆறிப் போறதுடா என்றுதான் கூப்பிடுவேன் என்று சீனுவின் அம்மா அன்றைக்கு என்னிடம் சொன்னதை நான் இவளுக்குச் சொல்லவே இல்லை. இத்தனை வருஷம் அவளை யாரும் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா ஒரு சட்டம் போட்டாள். “நீ கூப்ட்ட பேருக்குத் திரும்பி வந்த புள்ள இது. இனிமே நீ அவனைப் பேரு சொல்லிக் கூப்பிடாத. மறுபடி உன் வாயில எந்தப் பேரு வருமோ. நான் கூப்ட்டுக்கறேன்.” அதனால்தான் அவள் உன்னை எதற்கெடுத்தாலும் ரவி, ரவி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். “சும்மா சும்மா இன்னாத்துக்கும்மா கூப்பிடற?” என்று நீ எரிந்து விழுவாய். ஒவ்வொரு தடவையும் நீ பதில் சொன்னதும் அவள் என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். அது உனக்குத் தெரியாது.

இப்போது சொல்லப்போவதுதான் சட்டையைவிடப் பெரிய தப்பு. அன்றைக்கு நான் கூப்பிட்டது ஒரு பெயர். வந்தது யார் என்று எனக்குள் ஒரு புழு புகுந்துவிட்டது. அதற்கு முன்னால் மோர்ச்சோறு என்றால் தட்டைத் தள்ளுவாய். அதற்குப் பிறகு கேட்டுச் சாப்பிட்டாய். நான் பயந்தேன். வளர்கிற பிள்ளைக்கு ருசி மாறாதா? நீ வகுப்பில் முதலாவதாக வந்தாய் என்று வாத்தியார் வீடு தேடி வந்து சொன்ன நாளில், எந்த அப்பனும் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பான். நான் மூலையில் உட்கார்ந்து, இந்தப் படிப்பு நம் வீட்டுப் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். சிம்னி விளக்கில் கண் எரிய நீ படித்ததைப் பார்த்தவன் நான். உன் உழைப்பையும் உன் மூளையையும் எடுத்து, செத்துப்போன ஒரு குழந்தையின் பேரில் எழுதிய பாவி நான். குறியைத் திருத்தியது ஒரு தடவை இல்லை தம்பி. ஒவ்வொரு வருஷமும் திருத்தினேன். நீ வேலைக்குப் போனபோது, கல்யாணம் செய்தபோது, உன் பிள்ளையை என் கையில் கொடுத்தபோது, எல்லாச் சமயத்திலும் உன் முகத்தில் மூன்று புள்ளி தெரிகிறதா என்று தேடினேன். உன்னை நான் அணைத்துக்கொண்டதே இல்லை என்று உன் பெண்டாட்டியிடம் ஒருநாள் நீ சொன்னாய். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிற புத்தி கொஞ்சம்தான். பக்கத்து பிளாட்காரர் கொடுத்த துணியைப் போடு, தப்பில்லை. அது யாருடையது, ஏன் கொடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடு. உன் பெண்டாட்டி ஏதாவது கேட்டால் அவள் சோறு ஆக்கி முடிப்பதற்குள் உண்மையைச் சொல்லிவிடு. உச்சி வேளையில் பிள்ளைகள் கண் பார்வையில் இருக்கட்டும். அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடு. காரணமே இல்லாமல் கூப்பிடு. எரிந்து விழட்டும், பரவாயில்லை. பதில் வந்தால் போதும்.

அந்தமானுக்கு நானும் வருகிறேன். செல்வியிடம் சொல்லி டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். விமானத்தில் காது அடைக்குமாம், அடைக்கட்டும். அங்கே ஒருநாள் மத்தியானம், வெயில் தலைக்கு நேராக வரும்போது, நீ உன் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போ. திரும்பிப் பார்க்காமல் போ. நான் தென்னைக்குக் கீழே நிற்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் உன்னைக் கூப்பிட என் வாய் சொல்லாத பெயர் அது. நாக்கு புரளுமோ என்னவோ. வேறு எந்தப் பெயரையும் அன்றைக்கு நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவேன்.

ரவி, திரும்பு.